வண்ணம் குழைத்தல்: வீட்டில் செய்யும் நீர்வண்ணமும் குவாஷும்

இச்சொற்பொழிவு வரிசையில் எனக்கு முன்னர் இம்மேடையில் நின்றோர் இலக்கணமும் இலக்கியமும் பேசினார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மேசைமீது ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு கல்வம், நான்கைந்து புட்டிகள், கொஞ்சம் செம்மண், ஒரு தட்டு நிறையச் சிப்பி ஓடுகள் ஆகியவற்றைப் பரப்பி வைத்திருப்பதைக் கண்டு சிலர் புருவம் உயர்த்தியதைப் பார்த்தேன். மொழிப் பேரவையில் இவற்றுக்கு என்ன வேலை என்ற வினா இயல்பானதே. ஒரு பிசின் கதையைச் சொன்னால் விடை கிடைத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில், ஆர்வமுள்ள பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நீர்வண்ணம் செய்யக் கற்றுத்தரத் தொடங்கினேன். மறுநாள் வரும்போது பிசின் வாங்கி வரும்படி ஒரு மாணவனிடம் சொல்லியிருந்தேன். அவன் லிட்டில் இந்தியாவிலே மார்க்கெட் தெருப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையொன்றில் பிசின் கேட்டு வாங்கி வந்தான். பொன்னிறக் கட்டிகள், பார்வைக்கு ஒரு குறையுமில்லை. இரவு வெந்நீரில் ஊறவைத்தோம். காலையில் வந்து பார்த்தால் கிண்ணம் வழிய வழியக் கண்ணாடிக் கூழாகப் பொங்கி நிற்கிறது. எவ்வளவு கலக்கியும் கரையவில்லை. அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்து, "ஐயா, இது சர்பத்துல போடுறதுதானே?" என்று மெல்லக் கேட்டான். ஆம், அது பாதாம் பிசின். குளிர்பானத்தில் இடுவது. வண்ணத்திற்கு வேண்டியது கருவேலம் பிசின்.

கடைக்காரர்மேல் குற்றமில்லை, இந்நாளில் பிசின் கேட்டு வருவோர் பெரும்பாலும் கேட்பது எதுவோ அதை அவர் கொடுத்தார். பையன்மேலும் குற்றமில்லை. "பிசின்" என்று வெறுமனே சொல்லியனுப்பிய என்மேல்தான் குற்றம். வேலம் பிசின் நீரில் கரைந்து, ஒட்டும் நீர்மமாகும். பாதாம் பிசின் நீரை உண்டு உப்பும், கரையாது. முருங்கைப் பிசினும் கரையாமல் வீங்கும் வகையே. மரத்தின் பெயரை விட்டுவிட்டுப் பிசின் என்றால், அச்சொல் எந்தப் பொருளையும் சுட்டுவதில்லை. என் பாட்டியார் காலத்தில் இந்தப் பிழை நேர்ந்திருக்காது. அவர் வாயில் பிசின் என்ற சொல் தனியே வந்து நான் கேட்டதில்லை.

அன்று முதல் எனக்கு ஓர் எண்ணம். வண்ணம் செய்வதற்குரிய வினைச்சொற்கள் எல்லாம் நம் அடுக்களையில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஊறவைத்தல், அரித்தல், இறுத்தல், வடித்தல், வறுத்தல், அரைத்தல், குழைத்தல்: இவற்றில் எதையும் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. மறைந்தவை பெயர்ச்சொற்கள். காவி, அரிதாரம், சாதிலிங்கம், அவுரி, மக்கி என்றால் எவ்வகைப் பொருள், எவ்வகை நிறம் என்று இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்வார்கள்? குழாயில் அடைத்த வண்ணத்தை வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்பெயர்கள் நமக்குத் தேவைப்படவில்லை. குழாயின்மீது எழுதியிருப்பதே பெயராயிற்று.

முதலில் வண்ணம் என்பது என்னவென்று பார்ப்போம். நிறமுள்ள நுண்பொடி ஒன்று. அதைத் தாளோடு பிணைக்கும் பற்றுப்பொருள் ஒன்று. இரண்டையும் ஓடவிடும் நீர். இவ்வளவே. பற்றுப்பொருள் எண்ணெயானால் எண்ணெய்வண்ணம், முட்டைக்கருவானால் டெம்பரா, வேலம் பிசினானால் நீர்வண்ணம். அந்நீர்வண்ணத்தில் பொடியின் அளவைக் கூட்டி, சுண்ணத்தூள் போன்ற வெள்ளைப் பொருளையும் சேர்த்து, தாள் தெரியாதபடி மூடவைத்தால் அதுவே குவாஷ். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளை. குவாஷில் வெள்ளை என்பது நாம் இடும் வெள்ளை. குவாஷ் என்பது பிரெஞ்சுச் சொல்; சேற்றுக்குட்டையைக் குறிக்கும் குவாட்சோ என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஒளிபுகா நீர்வண்ணம் என்று தமிழில் எழுதுகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் வகுப்பறையில் ஒரு பிள்ளை அதைச் சொல்லி முடிப்பதற்குள் தூரிகை காய்ந்துவிடும். இவ்வுரையில் குவாஷ் என்றே சொல்கிறேன், பேரவையினர் பொறுத்தருள்க.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நீரில் கரைவது சாயம். நீரில் கரையாமல் மிதந்து பின் அடியில் படிவது நிறப்பொடி. மலேசியத் தமிழர்களாகிய நாம் சுவருக்குப் பூசுவதையும் சாயம் என்கிறோம். துணிக்கு ஏற்றுவதையும் சாயம் என்கிறோம். பேச்சுவழக்கில் இதனால் கேடொன்றுமில்லை. வண்ணம் செய்ய உட்காரும்போதுதான் இக்கலப்பு நம்மைக் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்ததைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தமிழர்க்கு இக்கலை புதிதன்று. நற்றிணையின் 118ஆம் பாட்டு, ஓவியர் அரக்கின் செந்நிறம் தோய்த்த துகிலிகையைப் பாதிரி மலருக்கு உவமையாக்குகிறது. துகிலிகை என்பது தூரிகை. பாதிரிப் பூவின் நுனியிலுள்ள மென்மயிரையும் செம்மையையும் தூரிகை நுனியோடு ஒப்பிட்டுக் காண வேண்டுமானால், அப்புலவர் ஓவியர் வேலை செய்யும் இடத்தில் அருகே நின்று பார்த்திருக்க வேண்டும். மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்கிறது. சித்தன்னவாசலிலும், 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு உலகுக்கு அறிவித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களிலும் காவியும் மஞ்சட்காவியும் கரியும் சுண்ணாம்பும் ஆயிரமாண்டு கடந்து நிற்கின்றன. ஆனால் அவை சுவரோவியங்கள். அங்கே வண்ணத்தைத் தாங்குவது சுண்ணாம்புப் பூச்சு. நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது வேறொன்று உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் காக்காய்ப்பொன் ஏட்டின்மேல் வண்ணம் தீட்டினார்கள். காக்காய்ப்பொன் என்பது அப்பிரகம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கனிமம். தெய்வ உருவங்கள், ஊர்வலங்கள், பலதொழில் புரிவோர், அவரவர் உடை, கருவி ஆகியவற்றைக் கையகல ஏடுகளில் எழுதி, கும்பினி அதிகாரிகளுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் விற்றனர். தஞ்சையிலும் தாளின்மேல் இத்தகைய படங்கள் வரையப்பட்டன. இன்று இவை லண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. அங்கே இவற்றின் பட்டியலில் "குவாஷ்" என்றே எழுதியிருக்கிறார்கள். ஆக, குவாஷ் நமக்கு அயல்மொழிச் சொல்லே தவிர, அயல்பொருள் அன்று. அப்பிரகம் வழவழப்பானது, வண்ணத்தை உறிஞ்சாது. ஆகவே பிசின் குறைந்தால் உதிரும், மிகுந்தால் வெடிக்கும். அந்த ஏடுகளில் இன்றும் உதிராமல் நிற்கும் ஒவ்வொரு வண்ணத்திட்டும், பெயர் தெரியாத ஒருவர் பிசினின் அளவைக் கையறிவால் சரியாகக் கூட்டியதன் சான்று.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. மலாக்காவில் வில்லியம் பார்க்குவார், சீன ஓவியர்களைக்கொண்டு இப்பகுதியின் செடிகொடிகளையும் விலங்குகளையும் வரைவித்தார். 477 படங்கள், இப்போது சிங்கப்பூரில் உள்ளன. வரைவித்தவர் பெயரால் அத்தொகுப்பு அழைக்கப்படுகிறது. வரைந்தவர் பெயர் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவிலும் பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஓவியர் தம் வண்ணத்தைத் தாமோ தம் உதவியாளரோ அரைத்தே பயன்படுத்தினர். 1781இல் லண்டனைச் சேர்ந்த ரீவ்ஸ் உடன்பிறப்பினர் செய்த நீர்வண்ண வில்லைக்கு அந்நகரின் கலைக் கழகம் பரிசளித்தது. தேன் சேர்த்ததனால் அவ்வில்லை கல்லாய் இறுகாமல் ஈரத் தூரிகைக்கு இளகிக் கொடுத்தது. 1846இல் வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனம் நீர்வண்ணத்தைக் குழாயில் அடைத்து விற்றது. அதன்பின் அரைகல் மூலைக்குப் போயிற்று. இந்தப் பினாங்கு மண்ணில் நீர்வண்ணத்துக்குப் பெரும்புகழ் ஈட்டிய யோங் முன் சென்னும் அப்துல்லா அரிப்பும் குழாயும் வில்லையும் பரவிய காலத்தவர்கள்தாம். இருவரும் 1962ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். கடற்கரைத் தென்னையையும் மீன்பிடிப் படகையும் அவர்கள் நீர்வண்ணத்தில் பிடித்ததைப் பார்த்துத்தான் என் போன்றோர் இத்துறைக்கே வந்தோம்.

இனிச் செய்முறை. இதனைச் சற்று விரிவாகவே சொல்வேன், குறிப்பெடுப்போர் எடுக்கலாம்.

கருவேலம் பிசின் அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் அராபிப் பிசின் 50 கிராம் எடுத்து, பொடித்து, 100 மில்லிலிட்டர் வெந்நீரில் இடுக. கொதிக்கும் நீர் வேண்டாம். ஓரிரவு மூடிவையுங்கள். காலையில் மெல்லிய துணியில் வடித்தால் பட்டையும் தூசும் நீங்கித் தேன்நிற நீர்மம் கிடைக்கும். இதில் இரண்டு தேக்கரண்டித் தேன் சேர்க்க வேண்டும். தேன் ஈரத்தைப் பிடித்து வைத்து, வண்ணம் வெடிக்காமலும் தூரிகைக்கு இளகும்படியும் காக்கும். குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளில் தேன் இதைவிட மிகுதியாக இருக்கும். அதை அப்படியே பின்பற்றினால் நம்மூர்க் காற்றின் ஈரத்துக்கு வண்ணம் ஒருபோதும் காயாது. விரல் பட்டால் ஒட்டும், எறும்பும் வரும். நான் எறும்புக்கு விருந்திட்டிருக்கிறேன்.

தேனும் பிசினும் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும். பினாங்கில் ஒரு வாரமே போதும். அதைத் தடுக்க மூன்று நான்கு துளி கிராம்பு எண்ணெய். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியார் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைக் கொணர்ந்து இத்தீவில் நட்டனர். ஆகவே கிராம்பு எண்ணெய்க்கு நாம் எங்கும் போகவேண்டியதில்லை.

அடுத்து நிறப்பொடி. முதலில் மண். நம் குன்றோரங்களில், வீடு கட்ட வெட்டிய மேடுகளில், செம்மையும் மஞ்சளுமாகத் தெரியும் மண்ணில் இரும்பின் துருவே நிறம் தருகிறது. காவி என்பதும் இதுவே. உரியவரிடம் கேட்டு ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு எடுத்தால் ஓராண்டுக்குப் போதும். அதை வாளி நீரில் கலக்கி, அரை நிமிடம் நிறுத்துங்கள். மணலும் கல்லும் அடியில் அமரும். கலங்கிய நீரை வேறொரு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ளுங்கள். அரிசி அரிக்கத் தெரிந்தவர்க்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. அரிசியில் அடியில் தங்கும் கல்லை விலக்குகிறோம், இங்கேயும் அதையே செய்கிறோம். இப்படி மூன்று முறை இறுத்த கலங்கல் நீரை ஓரிரவு வைத்தால், நுண்மண் அடியில் களியாகப் படியும். மேல்நீரைக் கொட்டிவிட்டுக் களியைத் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். விரல்களுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. முகப்பூச்சு மாவைப்போல் வழுக்க வேண்டும்.

மஞ்சள் மண்ணை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தால் கண்ணெதிரே சிவக்கும். மண்ணிலுள்ள துருவில் பிணைந்திருக்கும் நீர் நீங்குவதால் வரும் மாற்றம் இது. ஒரே பிடி மண்ணை ஐந்து பங்காக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரம் வறுத்தால், மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை ஐந்து வண்ணங்கள் கிடைக்கும். என் வகுப்பில் பிள்ளைகள் வாய்பிளந்து நின்ற இடம் இதுதான். வறுக்கும் சட்டியைப் பிறகு சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கருமைக்குக் கரி. பேராக்கிலே கோலா செபெத்தாங்கில் சதுப்புநிலக் காட்டு மரத்தைச் சூளையிலிட்டுக் கரியாக்குகிறார்கள்; அந்தக் கரியை அரைத்தால் சற்று நீலம் பாய்ந்த சாம்பற்கருமை வரும். ஆழ்ந்த கருமை வேண்டுமானால் புகைக்கரி: விளக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் மண்தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். புகைக்கரியில் ஒரு தொல்லை உண்டு. எண்ணெய்ப்பசை இருப்பதால் நீரில் நனையாமல் மிதக்கும். சில துளி மருந்துச் சாராயத்தை முதலில் விட்டுக் குழைத்தால் பணியும்.

நீலத்துக்கு அவுரி. விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் விளைகிறது. இந்நகரின் லீத் தெருவிலுள்ள சியோங் பட் சீயின் மாளிகையை எல்லாரும் அறிவீர்கள். அதன் சுவர்களின் நீலம், இந்தியாவிலிருந்து வந்த அவுரியைச் சுண்ணாம்புக் குழம்பில் கலந்து பூசியதால் வந்தது. நாள்தோறும் அவ்வழியே போகும் நம்மவரில், அந்நீலம் நம் அவுரி என்று அறிந்தோர் குறைவு. அவுரி, நான் முன்சொன்ன பிரிவினைக்குச் சற்று விலக்கானது: துணிக்கு ஏற்றும் சாயம், ஆயினும் நீரில் தானாகக் கரைவதில்லை. எனவே அரைத்தால் நிறப்பொடியைப்போல் நடந்துகொள்கிறது. கடையில் "நீலம்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மீண்டும் பிசின் கதையாகும். வெளுத்த துணிக்கிடும் சொட்டு நீலத்தைத் தருவார்கள். அது கரைந்த சாயம், வண்ணத்துக்கு உதவாது.

பொடி ஆயத்தமானபின் அரைப்பு. கண்ணாடிப் பலகையில் ஒரு தேக்கரண்டிப் பொடியைக் குவித்து, நடுவில் குழி செய்து, ஏறத்தாழ அதே அளவு பிசின்நீரை விடுங்கள். காவி மிகுதியாகக் குடிக்கும். கரி இன்னும் மிகுதி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சொல்பவரை நம்பவேண்டாம். அடிதட்டையான கண்ணாடிக் குழவியால் எட்டு வடிவில் வட்டமிட்டு அரைக்க வேண்டும். குழவி இல்லையென்றால், சித்த மருத்துவர் மருந்தரைக்கும் கல்வம் இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். அம்மி ஆகாது, கொத்திய பள்ளங்களில் வண்ணம் தங்கிவிடும், மறுநாள் சட்டினியில் அது தெரியும். பொடியை அரைப்பது அன்று, ஒவ்வொரு துகளையும் பிசினால் நனைப்பதே இங்கு நோக்கம். அரைமணி நேரம் ஆகும். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் ஒலி மெல்ல அடங்கிப் பட்டு உரசுவதுபோல் ஆகும்போது நிறுத்தலாம். இதைக் கண்ணைவிடக் காது நன்றாக அறியும்.

அரைத்ததை வழித்துச் சிறு கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஐரோப்பியப் பழைய ஓவியர் சிப்பி ஓட்டில் வண்ணம் வைத்துக்கொண்டனர். நம்மிடம் சிப்பிக்கா பஞ்சம்? சார் குவே தியாவ் தின்றபின் எறியும் கெராங் ஓடுகளைக் கழுவிக் காயவைத்தால் போதும். மேசையிலிருக்கும் தட்டின் மர்மம் இதுவே. ஒரேயடியாக நிரப்பாமல், பாதி ஊற்றி, மூன்று நாள் நிழலில் காயவிட்டு, சுருங்கிய இடத்தில் மறுபடியும் ஊற்றுங்கள். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு வெடிக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது நலம்.

குவாஷுக்கு வழி இதுவே. நிறப்பொடி இரண்டு பங்குக்கு வெள்ளைச் சுண்ணத்தூள் ஒரு பங்கு என்று தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டிக்குறைக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை நேரே சேர்க்கக் கூடாது. அதன் காரம் சில நிறங்களைக் கெடுக்கும், கையையும் புண்ணாக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்த்துப் பரப்பி, மாதக்கணக்கில் காற்றாடவிட்டால் காரம் அடங்கிச் சுண்ணத்தூளாக மாறும். தஞ்சாவூர் ஓவியப் பலகையில் பூச்சுக்கும் புடைப்புக்கும் இடும் சுக்கான் மாவும் இவ்வினமே. குவாஷை ஓட்டில் உலர்த்தாமல், மூடியுள்ள சிறு புட்டியில் களியாக வைப்பது நல்லது. தாளில் ஒரு கருங்கோடு இழுத்து, அதன்மேல் பூசிப் பாருங்கள். காய்ந்தபின் கோடு மறைந்தால் வண்ணம் சரி. விரலால் தேய்க்கப் பொடி வந்தால் பிசின் போதவில்லை; பளபளத்து வெடித்தால் பிசின் மிகை. ஈரத்தில் காணும் நிறம் காய்ந்தபின் நிற்காது என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும்: வெளிர்நிறங்கள் சற்று அடர்ந்து காயும், அடர்நிறங்கள் சற்று வெளுத்துக் காயும்.

என் தோல்வியைச் சொல்வதாக வாக்களித்தேன். முதலாண்டு வகுப்பில் மண்ணையும் கரியையும் கண்டு பிள்ளைகள் சலித்தார்கள். பூவின் நிறம் வேண்டும் என்றார்கள். நானும் இணங்கினேன். சங்குப்பூவை வேலியிலிருந்து பறித்தோம். புலுட் தை தை பலகாரத்திற்கும் நாசி கெராபுவுக்கும் நீலம் தருவது அதுவே. மஞ்சளை எடுத்தோம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தட்டின் சிவப்பு வருமல்லவா, அதையும் எடுத்தோம். பிசினில் குழைத்தபோது மூன்றும் கண்ணைப் பறித்தன. ஒரு மாணவி தன் பாட்டியின் உருவத்தை, சிவப்புப் புடைவையில், நீல வாயிற்கதவின் முன்னே அமர்ந்திருப்பதாக வரைந்தாள். வகுப்பிலேயே சிறந்த படம் அது. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம்.

ஆறு வாரத்தில் புடைவை பழுப்பாகிவிட்டது. கதவு சாம்பலாகிப் பின் தாளோடு தாளாயிற்று. மஞ்சள் இருந்த இடம் தெரியவில்லை. கரியால் வரைந்த முகமும் காவியால் தீட்டிய கைகளும் மட்டும் நின்றன. அதற்கிடையில் அந்தப் பாட்டியார் காலமாகிவிட்டார். படத்தைத் தரும்படி அப்பிள்ளை கேட்டு வந்தபோது, நான் எடுத்துக் கொடுத்த தாளை அவள் நெடுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என்னாலும் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

சாயத்தையும் நிறப்பொடியையும் ஒன்றெனக் கொண்டதால் வந்த வினை அது. சங்குப்பூவின் நீலம் கரையும் நிறம். புளிப்புப் பட்டால் ஊதா, காரம் பட்டால் பச்சை, ஒளி பட்டால் ஒன்றுமில்லை. மஞ்சளும் ஒளிக்கு நில்லாது. சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரைதான் ஆரத்திச் சிவப்பு. காற்று அக்காரத்தைத் தின்னத் தின்ன அதுவும் போகும். ஆரத்தி ஒரு நாழிகைக்கு உரியது. அதற்கு அந்நிறம் போதும். நினைவுக்கென்று வரையும் படத்துக்குப் போதாது. இப்போது என் வகுப்பில் ஒரு விதி உண்டு. செய்த ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு தாள்கீற்றில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, சன்னல் கண்ணாடியில் மூன்று மாதம் ஒட்டிவைக்க வேண்டும். இரு பாதியும் ஒத்திருந்தால்தான் அந்த வண்ணம் படத்திற்குச் செல்லும்.

எச்சரிக்கை ஒன்று. பழைய பெயர்களை மீட்கவேண்டும் என்று சொன்னேன். பழைய பொருள்கள் எல்லாவற்றையும் மீட்கவேண்டும் என்று சொல்லவில்லை. அரிதாரத்தின் மஞ்சளிலும் மனோசிலையின் செம்மஞ்சளிலும் இருப்பது ஆர்சனிக். சாதிலிங்கத்தில் பாதரசம். செந்தூரம் என்ற பெயரில் விற்பனவற்றில் ஈயம் இருக்கலாம். மக்கி மரப்பாலின் மஞ்சள், தூரிகையை நாவால் நனைக்கும் பழக்கமுள்ளவரைக் கடும் வயிற்றுப்போக்கில் தள்ளும். இவற்றைப் பிள்ளைகள் கையில் தரலாகாது, வீட்டிலும் வேண்டாம். பெயர் தெரிந்திருந்தால்தான் தவிர்க்கவும் முடியும். தீங்கற்ற பொடியாயினும் உலர்ந்த நிலையில் மூக்கை மூடிக்கொண்டே கையாளுங்கள். குங்குமமும் காவிப்பொடியும் கடையில் வாங்கினால், ஒரு சிட்டிகையை நீரில் இட்டுப் பாருங்கள். நீரே நிறமேறினால் உள்ளே செயற்கைச் சாயம் இருக்கிறது; தெளிந்த நீரும் அடியில் படிந்த பொடியுமாகப் பிரிந்தால் கரையும் சாயம் கலக்கவில்லை எனலாம்.

சில ரிங்கிட்டுக்குப் பன்னிரண்டு நிற வில்லைப் பெட்டி கிடைக்கையில் இவ்வளவு பாடு எதற்கு என்று என் துணைவியார் உட்படப் பலர் கேட்கிறார்கள். பணத்தை மிச்சப்படுத்த என்று நான் சொல்வதில்லை, மிச்சமாவதில்லை. பள்ளிப் பாடம் முழுவதையும் வீட்டு வண்ணத்தால் நடத்தவும் முடியாது. ஒளிரும் பச்சைக்கும் தூய ஊதாவுக்கும் நான் இன்னும் குழாயையே நாடுகிறேன். ஆனால் ஒருமுறையேனும் மண்ணை அரித்து, இறுத்து, குழைத்த பிள்ளை, அதன்பின் "பிரவுன் கொடுங்கள்" என்று கேட்பதில்லை. "வறுத்த காவியா, வறுக்காத காவியா?" என்று கேட்கிறது. நான் அச்சொற்களைப் பாடமாக நடத்தவில்லை. கையில் பொருள் இருந்தது. அதைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது.

பேரவைக்கு என் விண்ணப்பம் ஒன்று. கலைச்சொற் பட்டியல் அமைக்கும்போது, குவாஷுக்குத் தமிழ் என்ன என்று ஆராய்வதற்கு முன்னர், இந்நகரின் நாட்டு மருந்துக் கடைகளில் நெடுங்காலம் நின்ற பெரியவர்களிடம் ஒரு மாணவரை அனுப்புங்கள். பிசின் எத்தனை வகை, காவி எத்தனை வகை, அவர்கள் எதை எப்படிப் பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வரட்டும். அவர்களுள் பலர் முதியவர்கள். இளையவர்களுக்கு அக்கடைகளில் நிற்க விருப்பமில்லை.

என் நேரம் முடிந்தது. பலகையில் இப்போது குழைத்து வைத்திருப்பது ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டமொன்றில் உரியவர் இசைவோடு எடுத்த செம்மண். இன்னும் பத்து நிமிட அரைப்பு பாக்கி இருக்கிறது. விருப்பமுள்ளோர் முன்வந்து குழவியைப் பிடிக்கலாம். கையைக் கழுவ வாளியில் நீர் இருக்கிறது. கெராங் ஓடுகளை ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள், மூன்று நாள் நிழலில் வையுங்கள்.